வண்டிக்குத் தனியாக ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா? நாகர்கோவில், திருவனந்தபுரம் டவுன் ஓட்டத்துக்கு

கேள்வி: கோட்டாறு ஏஸ் டிரைவர்

எல்லோருக்கும் வணக்கம். கோட்டாற்றில் மருத்துவ உபகரணங்களை வாடகைக்குக் கொடுக்கிற கடையில் டாடா ஏஸ் ஓட்டுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டில், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், சிலிண்டர், காற்று மெத்தை, வீல்சேர் என்று எது கேட்டாலும் வீட்டில் கொண்டு இறக்கி, மாட்டி, ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுத்துவிட்டு வருவது என் வேலை. பெரும்பாலும் நாகர்கோவிலுக்குள்தான்: வேப்பமூடு, செட்டிகுளம், ராமன்புதூர், வெட்டூர்ணிமடம், ஆசாரிப்பள்ளம். இடையிடையே திருவனந்தபுரமும் போக வேண்டும். ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் ஸ்ரீ சித்ரா ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை எடுக்கிற நம்ம மாவட்டத்துக்காரர்கள் அங்கே உள்ளூர், குமாரபுரம், பட்டம் என்கிற பகுதிகளில் வாடகைக்கு வீடு பார்த்துத் தங்குகிறார்கள். அவர்களுக்கும் நாங்கள் சாமான் கொடுக்கிறோம்.

வழி பார்ப்பதும் பேசுவதும் இப்போது ஒரே போனில். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பார்க்கிற நேரத்தில்தான் "எங்க வந்துட்டீங்க?" என்று வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, மூச்சு வாங்கிக்கொண்டு ஆள் படுத்திருக்கிற வீடு. ஆனால் அழைப்பு வந்ததும் மேப் மறைந்துவிடுகிறது, திருப்பம் போய்விடுகிறது. ஏஸில் ஏசி கிடையாது. மதியம் கண்ணாடி ஓரத்தில் மாட்டினால் போன் கொதித்து, திரை மங்கி, சார்ஜ் ஏறுவதும் நின்றுவிடுகிறது.

ஓனர் அண்ணாச்சி பத்தாயிரம் வரை செலவு செய்யலாம் என்கிறார். கல்ஃபிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் அங்கே காரில் வைத்திருந்த 5 இன்ச் நேவிகேஷன் கருவியை மூவாயிரத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். திரை நன்றாகத்தான் இருக்கிறது. அதை வாங்கலாமா, புதிதாக வேறு பார்க்கலாமா, போனிலேயே ஏதாவது வழி உண்டா? சில நாள் வேறு வண்டியும் ஓட்டுவேன் என்பதால் கழற்றி எடுத்துப்போகிற மாதிரி இருக்க வேண்டும்.

பதில் 1: மார்த்தாண்டம் கொரியர்

அண்ணே, போன் போதும். இன்னொரு போன் வாங்கி அதில் மேப்பை மட்டும் ஓட விடுங்கள். நான் பைக்கில் அப்படித்தான் போகிறேன். நம்ம பக்கத்து முடுக்கெல்லாம் தனிக் கருவியில் இருக்காது.

பதில் 2: குமரி டாக்ஸி

நான் தனிக் கருவிதான் வைத்திருக்கிறேன், நல்ல திருப்தி. கன்னியாகுமரியிலிருந்து மதுரை, ராமேஸ்வரம், மூணாறு என்று சவாரி ஏற்றிப் போகிறவன் நான். சாவியைத் திருகினால் தானாக ஆன் ஆகும். யாரும் கூப்பிட மாட்டார்கள், மெசேஜ் வராது. வெயிலில் திரை தெளிவாகத் தெரியும். மலையில் டவர் இல்லாத இடத்திலும் வழி சொல்லும். உள்ளே இருக்கிற பேட்டரி சுமார் ஒரு மணி நேரம்தான் தாங்கும், ஆகவே சார்ஜர் வயர் எப்போதும் குத்தியே இருக்க வேண்டும். மேப் அப்டேட்டை வீட்டு வைஃபையில் போட்டுக்கொள்கிறேன். வாங்கும்போது இந்திய மேப் உள்ளேயே இருக்கிறதா, அப்டேட் எத்தனை வருஷத்துக்கு இலவசம் என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் உங்களுக்கு வீடு தேடுகிற வேலை. அதற்கு நானும் கடைசியில் போனைத்தான் எடுக்கிறேன்.

பதில் 3: தக்கலை எலக்ட்ரீசியன்

தம்பி, வண்டி வயரிங் என் தொழில். ஏஸ், தோஸ்த், ஆம்புலன்ஸ் என்று தினமும் டேஷ்போர்டைப் பிரித்து மாட்டுகிறவன். உங்கள் வேலையைக் கேட்டதும் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆக்சிஜன் மெஷின் ஏற்றிய வண்டி வழி தேடிச் சுற்றிக்கொண்டு நிற்கக் கூடாது.

முதலில் அந்த கல்ஃப் கருவி. வாங்க வேண்டாம். அதில் இருப்பது அந்த நாட்டு மேப்பாகத்தான் இருக்கும். இந்திய மேப் தனியாக ஏற்ற வேண்டும், அந்த மாடலுக்கு இன்னும் கிடைக்கிறதா என்பதே சந்தேகம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தேதியை வாரக் கணக்கில் அனுப்புகின்றன. பழைய முறையில் அந்த எண்ணிக்கை 1,024 வாரம் வரைதான் போகும், அதன் பிறகு பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6 இரவு. அதற்கு முன்பு வந்த கருவிகளில், சாஃப்ட்வேர் புதுப்பிக்காமல் விட்ட சில, இருபது வருஷம் பின்னால் தேதி காட்டின. சிலவற்றில் இடமும் சரியாகப் பிடிக்கவில்லை. யார் பழைய கருவி கொடுத்தாலும் வெட்டவெளியில் வைத்து ஆன் செய்து, தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். அது தப்பாக இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்களுக்கு விலாசம் எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். கதவு எண், தெரு, பின்கோடு என்றா வருகிறது? "காட்டுவிளை, சர்ச்சுக்குப் பின்னால், சானல் கரை வழியா வாங்க" என்று வரும் (சானல் என்றால் பாசனக் கால்வாய்). நம்ம மாவட்டத்தில் விளை என்று முடிகிற ஊர்ப்பெயர் ஒரே மாதிரி எத்தனை இருக்கிறது! மேலவிளை, கீழவிளை, பள்ளிவிளை என்று தேடினால் தக்கலைப் பக்கம் ஒன்று காட்டும், ராஜாக்கமங்கலம் பக்கம் இன்னொன்று காட்டும். திருவனந்தபுரத்திலும் கஷ்டம் உண்டு. அங்கே வீட்டு எண்ணை டி.சி. நம்பர், அதாவது திருவனந்தபுரம் கார்ப்பரேஷன் நம்பர் என்று சொல்வார்கள், அல்லது அந்தக் குடியிருப்போர் சங்கத்தின் எண்ணைச் சொல்வார்கள். அடுத்தடுத்த வீட்டுக்கு அது வரிசையாகவே இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. அதனால்தான் எல்லோரும் வாட்ஸாப்பில் லொகேஷன் அனுப்புகிறார்கள்.

அந்த லொகேஷனைப் போனில் ஒரு தட்டுத் தட்டினால் வழி வந்துவிடும். தனிக் கருவியில் என்ன செய்வீர்கள்? பெரும்பாலான கருவிகளில் வாட்ஸாப் லொகேஷன் நேரே போகாது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் போனில் பார்த்து, கருவியில் விரலால் அடிக்க வேண்டும். நாகர்கோவில் என்றால் 8.18, 77.43 என்று தொடங்கும். ஆனால் இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கூட நிற்பீர்கள். நான்கு தசமம் அடித்தால் சுமார் 11 மீட்டர் துல்லியம், ஐந்து அடித்தால் ஒரு மீட்டர் அளவு. ஒரு எண் மாறினால் அடுத்த ஊர். அவசர ஓட்டத்தில், வண்டியை ஓரம் கட்டி, இத்தனை எண்ணையும் பிழையில்லாமல் அடிப்பது நடக்கிற காரியமா? டாக்ஸி அண்ணன் சொன்ன நன்மை அத்தனையும் உண்மை. ராமேஸ்வரம் கோவில் எங்கேயும் ஓடிவிடாது, பெயரை அடித்தால் வரும். உங்களுக்குப் போக வேண்டிய இடம் ஒவ்வொரு தடவையும் புதிய வீடு. இந்த ஒரு காரணத்துக்காகவே தனிக் கருவி உங்களுக்குச் சரிப்படாது என்பேன்.

ஆகவே இரண்டாவது போன். பேச ஒன்று, வழிக்கு ஒன்று. வழிப் போனில் பேச்சு எதுவும் வரக் கூடாது. அந்த நம்பரை யாரிடமும் கொடுக்காதீர்கள். லொகேஷனைப் பேசுகிற போனில் வாங்கி, வண்டியை எடுக்கும் முன்பே வழிப் போனுக்கு அனுப்பிவிடுங்கள்.

எந்த போன்? கேமராவைப் பார்க்க வேண்டாம். வெயிலில் தெரிகிற அளவுக்குத் திரை வெளிச்சம் வேண்டும். கடையிலேயே வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பாருங்கள். அப்புறம் திசை காட்டும் காம்பஸும், திரும்புவதை உணரும் ஜைரோஸ்கோப்பும் இருக்கிறதா என்று கேளுங்கள். விலை குறைந்த சில போன்களில் இவை இருக்காது. இல்லையென்றால் வேப்பமூட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது அம்புக்குறி தன்னிஷ்டத்துக்குச் சுற்றும், கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் எந்தப் பக்கம் என்று தெரியும். இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ், அதாவது எல்1, எல்5 இரண்டும் வாங்குகிற போன் என்றால் இன்னும் நல்லது. உயரமான கட்டிடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து இடத்தைத் தள்ளிக் காட்டும். எல்5 இருந்தால் அந்தக் குழப்பம் குறையும். நாகர்கோவிலை விட திருவனந்தபுரத்தில் பட்டம், தம்பானூர் பக்கம் இதன் அருமை தெரியும். வீட்டில் பழைய போன் இருந்தால் பேட்டரியை மாற்றி அதையே வைத்துக்கொள்ளலாம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் வண்டிக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

சூட்டுக்கு வழி: கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டாண்டைக் கழற்றிப் போடுங்கள். போனின் முதுகு நேரே வெயிலைப் பார்க்கிற இடம் அதுதான். டேஷ்போர்டின் தாழ்ந்த பகுதியில், ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், நிழல் விழுகிற இடத்தில் ஸ்குரூ போட்டு மாட்டுகிற ஸ்டாண்ட் வையுங்கள். முன் கண்ணாடி வழியாக வானம் தெரிந்தால் போதும், சிக்னல் வரும். தகரக் கூரைக்கு நேர் கீழே ஆழமாக வைத்தால்தான் தடுக்கும். கறுப்பு ரப்பர் கவரைக் கழற்றிவிடுங்கள். குரல் வழிகாட்டலைத் தமிழில் வைத்து, திரையை அடிக்கடி பார்க்காமல் காதால் கேட்டு ஓட்டுங்கள். ஏஸ் என்ஜின் சத்தத்தில் போன் ஸ்பீக்கர் எடுபடாவிட்டால் ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரை சீட்டுக்குப் பின்னால் போட்டால் போதும்.

சார்ஜர் விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். மேப் ஓடி, திரை முழு வெளிச்சத்தில் இருக்கும்போது மட்டமான சார்ஜர் கொடுப்பதை விட போன் தின்பது அதிகம். குத்தியே இருந்தும் பேட்டரி இறங்கும். மட்டமான சார்ஜரைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். வண்டி ரேடியோவில் எஃப்எம் வைத்துக்கொண்டு, சார்ஜரைக் குத்துங்கள். குத்தியதும் "ஸ்..." என்று இரைச்சல் ஏறி, பிடுங்கியதும் நின்றால் அந்த சார்ஜர் காற்றில் தொல்லை பண்ணுகிறது என்று அர்த்தம். ஜிபிஎஸ் சிக்னல் 20,000 கிலோமீட்டருக்கு மேலிருந்து வருகிறது, கீழே வந்து சேரும்போது மிக மிக மெலிந்திருக்கும். பக்கத்திலேயே இப்படி இரைச்சல் போட்டால் சில சமயம் அதையும் கெடுத்துவிடும். என் கடைக்கு "ஜிபிஎஸ் சுத்துது" என்று வந்த வண்டிகளில் சிலவற்றுக்கு சார்ஜரை மாற்றியதோடு வேலை முடிந்தது.

நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். செயற்கைக்கோளிலிருந்து வருவதை வாங்குவதற்கு சிம் வேண்டாம், டவர் வேண்டாம். மேப் படம் போனில் இருந்தால் போதும். கூகுள் மேப்ஸில் நம்ம மாவட்டத்தையும் திருவனந்தபுரத்தையும் ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும், வைஃபை கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஆஃப்லைனில் வழி வரும், நெரிசல் விவரம் வராது. கூடவே ஆர்கானிக் மேப்ஸ் என்ற ஆப் ஒன்றையும் போட்டு வையுங்கள், முழுக்க நெட் இல்லாமலே ஓடும். பேச்சிப்பாறைக்கு மேலே ஏறினால் டவர் விட்டுவிட்டுத்தான் வரும், அங்கே இது கைகொடுக்கும். நெட் இல்லாமல் தொடங்கினால் முதல் தடவை இடம் பிடிக்க அரை நிமிஷமோ கூடுதலோ ஆகும். செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவலை டவர் வழியாக வாங்காமல் செயற்கைக்கோளிடமிருந்தே வாங்க வேண்டியிருப்பதால் அந்தத் தாமதம். கடை வாசலில் வெளியே நின்று இடம் பிடித்த பிறகு வண்டியை எடுங்கள்.

எந்தக் கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று மேம்பாலம். பம்மத்தில் மார்த்தாண்டம் பாலத்துக்கு மேலே ஏறினீர்களா, கீழே போகிறீர்களா என்பது அதற்குச் சட்டென்று புரியாது, இரண்டும் ஒரே கோட்டில் இருக்கிறது. கழக்கூட்டம் மேம்பாலத்திலும் அதே கதை. அந்த இடத்தில் போர்டைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். இன்னொன்று சானல் கரை. மேப்பில் அழகாக ஒரு கோடு போட்டுக் காட்டும். போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் தென்னந்தோப்புச் சுவர், நடுவில் ஆட்டோ போகிற அகலம். ஏஸ் உள்ளே போய்விட்டால் திருப்ப முடியாது. அடுத்த பாலம் வரை ரிவர்ஸ்தான், பின்னால் ஆக்சிஜன் சிலிண்டரோடு. ஆஸ்மாண்ட் (OsmAnd) என்ற ஆப்பில் வண்டியின் அகலம், உயரம் எல்லாம் கொடுத்து வைக்கலாம். ஆனால் அந்தச் சாலைக்கு அகலம் எவ்வளவு என்று யாராவது மேப்பில் பதிந்திருந்தால்தானே அது கணக்கில் எடுக்கும்? நம்ம பக்கத்துச் சானல் கரைக்கு அப்படிப் பதிந்திருப்பதை நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரரிடம் "குட்டியானை, அதான் டாடா ஏஸ், வருமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சரியான பதில் அவர்களிடம்தான் இருக்கிறது.

போலீஸ் விஷயமும் சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிற மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாதபடி. ஸ்டாண்டில் இருக்கட்டும், கையில் எடுக்க வேண்டாம்.

பதில் 4: பாலியேட்டிவ் நர்ஸ், வெட்டூர்ணிமடம்

எலக்ட்ரீசியன் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கிறவள். லொகேஷன் அனுப்புகிறவர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்று கட்டாயம் கேளுங்கள் தம்பி. மகன் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் டிஸ்சார்ஜ் கவுன்டரில் நின்றுகொண்டு "கரண்ட் லொகேஷன்" அனுப்புவார். வீடு பூதப்பாண்டியில் இருக்கும். பதற்றத்தில் இருப்பவர்களுக்கு அது தோன்றாது, நாம்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் இருப்பவரையே அனுப்பச் சொல்லுங்கள். அதையும் வீட்டுக்குள்ளிருந்து வேண்டாம், கேட்டுக்கு வெளியே ரோட்டில் வந்து நின்று அனுப்பச் சொல்லுங்கள். கான்கிரீட் கூரைக்குக் கீழே இருந்தால் இடம் தள்ளிக் காட்டும், பின்பக்கத் தெருவில் கொண்டு விடும். அனுப்பும் முன்பு எத்தனை மீட்டர் துல்லியம் என்று வாட்ஸாப்பிலேயே கீழே தெரியும். அது சின்ன எண்ணாக வரும் வரை கொஞ்சம் பொறுத்து அனுப்பினால் நேரே வாசலுக்கு வந்துவிடலாம். நான் இதை ஒரு வாய்ஸ் மெசேஜாகப் பேசி வைத்திருக்கிறேன். புதிய வீடு என்றால் முதலில் அதை அனுப்பிவிடுவேன். வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடு என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாராவது செய்து தருவார்கள்.

போன வீட்டையெல்லாம் மேப்பில் பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள். நீங்கள் கட்டிலைத் திரும்ப எடுக்கவும் அதே வீட்டுக்குத்தானே போக வேண்டும். நோயாளி பெயரைப் போடாமல் கடையின் பில் நம்பரைப் போடுங்கள், யார் வீட்டில் என்ன நோய் என்பது போனில் இருக்க வேண்டாம். தபால் துறை 2025-இல் டிஜிபின் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறது. நாட்டையே சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. விலாசமே இல்லாத விளை வீடுகளுக்கு இது நல்ல ஏற்பாடு. மக்களிடம் இன்னும் பரவவில்லை, ஆனால் கடை ரெஜிஸ்டரில் எழுதி வைக்க வசதி.

கோட்டாறு ஏஸ் டிரைவர்:

எலக்ட்ரீசியன் அண்ணாச்சி, நர்ஸ் அக்கா, டாக்ஸி அண்ணன், கொரியர் தம்பி, எல்லோருக்கும் நன்றி. லொகேஷன் கருவிக்குள் போகுமா என்ற கோணத்தில் நான் பார்க்கவே இல்லை. ஓனரிடம் காட்டினேன், இரண்டாவது போனுக்குச் சரி சொல்லிவிட்டார். அக்கா சொன்ன வாய்ஸ் மெசேஜைக் கடை போனிலிருந்தே அனுப்ப ஏற்பாடு செய்கிறேன், மலையாளத்திலும் ஒன்று பேசி வைக்க வேண்டும்.

இரண்டு சந்தேகம். கடையில் நாவிக் இருக்கிற போன்தான் நம்ம நாட்டுக்கு நல்லது என்கிறார்கள், அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? வழிப் போனுக்குத் தனி சிம் வேண்டுமா?

பதில் 5: தக்கலை எலக்ட்ரீசியன்

நாவிக் என்பது ஜிபிஎஸ் மாதிரி இடம் காட்டுகிற, நம்ம இஸ்ரோவின் செயற்கைக்கோள் அமைப்பு. இந்தியாவுக்கும் எல்லையிலிருந்து 1,500 கிலோமீட்டர் சுற்றுக்கும் என்று அமைத்தது. ஆரல்வாய்மொழி தாண்டி மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிற இடம் இருக்கிறதே, அந்த மலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதில் பெருமை இல்லாமல் இருக்குமா? 2023 மே 29-இல் ஏவிய என்விஎஸ்-01 செயற்கைக்கோள் முதல் எல்1 அலைவரிசையும் சேர்த்திருக்கிறார்கள், இதனால் சாதாரண போன்களுக்கும் வாங்குவது எளிதாகும். ஆனால் இப்போதைய போன்கள் அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குகின்றன. வானம் தெரிகிற ரோட்டில் உங்களுக்குக் குறை வராது. நாவிக் இருந்தால் சந்தோஷம். அதற்காகத் தனியாகப் பணம் கொடுப்பதை விட, அந்தக் காசில் நல்ல சார்ஜரும் ஸ்டாண்டும் வாங்குங்கள்.

சிம் விஷயத்தில், பேசுகிற போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டால் அந்தப் போனும் சூடாகும், பேட்டரியும் போகும். குறைந்த டேட்டா பிளானில் தனி சிம் போடுங்கள். முடிந்தால் பேசுகிற போனுக்கு ஒரு கம்பெனி, வழிப் போனுக்கு வேறு கம்பெனி. ஒன்றுக்கு டவர் இல்லாத இடத்தில் மற்றொன்றுக்கு இருக்கும்.

கேட்க மறந்தது: உங்கள் ஏஸில் டயருக்குக் காற்றடிக்கிற பம்பை அதே 12 வோல்ட் சாக்கெட்டில் குத்துகிற வழக்கம் உண்டா? அதற்குப் போன் சார்ஜரைப் போல பல மடங்கு கரண்ட் வேண்டும், இரண்டையும் ஒரே சாக்கெட்டில் பிரித்துப் போடாதீர்கள். பியூஸ் போனால் ஸ்டாண்டில் இருக்கிற போனுக்கும் சார்ஜ் நின்றுவிடும். சாக்கெட் பியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பியூஸ் பெட்டி மூடியில் பார்த்து, அதே அளவில் இரண்டு வாங்கி டேஷ்போர்டு அறையில் போட்டு வையுங்கள். அதை விடப் பெரிய பியூஸ் போடவே கூடாது, வயர் உருகிவிடும். சிலிண்டர் ஏற்றுகிற வண்டி உங்களுடையது.